நானே அடக்கிய காய்ச்சல்

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். "உனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மிம்மா." ஆரஞ்சு வாங்கி வந்தவர்களும் சொன்னார்கள், வெறுங்கையோடு வந்தவர்களும் சொன்னார்கள். நாத்தனார் ஒரு பாட்டில் கஷாயம் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். வேளைக்கு ரெண்டு மூடி குடித்தால் சக்தி தானாக ஊறுமாம். கோயில் பாட்டுக் குழுவில் கூடப் பாடுகிற ஒருத்தி போனில் ஏதோ பவுடர் விளம்பரத்தை அனுப்பிவைத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கை எட்டியிருந்தால் அந்தப் பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன்.

எனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி இல்லை. வேண்டிய மட்டும் இருந்தது. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. கூப்பாடு போட்டது, காலை வீங்க வைத்தது, உடம்பைச் சூடாக்கி என்னைப் போட்டு உலுக்கியது. நான்தான் அதன் வாயைப் பொத்தினேன். எதைக் கொண்டு பொத்தினேன், எப்படிப் பழகினேன், அதனால் என்ன ஆயிற்று என்பதையெல்லாம் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் மகளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஜெயசீலி. வயது நாற்பத்தொன்று. ஏம்பலத்தில் வீடு. வீட்டுக்காரர் சேவியர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். எங்கள் அப்பா அம்மாவுக்கு நடவும் கரும்பு வெட்டும்தான் பிழைப்பு. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் தவளக்குப்பம் கூட்ரோட்டுப் பக்கம் ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினோரு வருஷம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். மருந்து கொடுக்கப் படித்தவரின் சான்றிதழ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். அந்த மனுஷரை நான் பார்த்தது நாலு தடவையோ ஐந்து தடவையோ. மருந்தை எடுத்துக் கொடுத்தது எல்லாம் நான்தான்.

அதில் நான் அதிகமாகக் கொடுத்தது செட்டு. எங்கள் பக்கத்தில் செட்டு என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கை கால் வலி, காய்ச்சல், சளி, எதுவானாலும் டாக்டரிடம் போகாமல் நேராக மெடிக்கலுக்கு வந்து, "ஒரு நாளைக்கு செட்டு போட்டுக் குடு" என்பார்கள். வலி மாத்திரை ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் கேப்சூல் ஒன்று. எல்லாவற்றையும் அட்டையிலிருந்து கத்தரித்து ஒரு சின்ன கவரில் போட்டு, கவர்மேல் காலை, ராத்திரி என்று எழுதிக் கொடுப்போம். இவற்றோடு ஒரு குட்டி வெள்ளை மாத்திரையும் இருக்கும். அதுதான் செட்டுக்கு உயிர். அதைப் போட்டால் ஒரு வேளையில் வலி பறந்துவிடும். வீக்கம் வற்றும், காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் மறுநாளே நடவுக்குப் போவார்கள். அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அதைக் கொடுக்கவே கூடாது. எனக்கு அது தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

அதனால் வாங்குகிறவர்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தோம். எங்கேயாவது டாக்டர் முன்னால் போய் உட்கார நேர்ந்தால், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்பார்கள், ஒண்ணுமில்லை என்று சொல்லிவிடு. அவ்வளவுதான் பாடம். சொல்லிச் சொல்லி எனக்கு அது வாயில் வந்துவிட்ட பேச்சு. ஜனங்களும் சமத்தாகக் கேட்டுக்கொண்டார்கள். எனக்குக் கைராசி என்று வேறு பேர். "ஜெயா கையால குடுத்தாத்தான் கேக்குது" என்று மற்ற பெண் நின்றால்கூட எனக்காகக் காத்திருந்து வாங்குவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் இதுவும் பொய்யாகிவிடும்.

கடையில் நாள் முழுக்க நிற்பதால் எனக்கு இடுப்பு வலி. கடைசி ரெண்டு வருஷமாக நானும் அந்தக் குட்டி வெள்ளையைப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் முடியாத நாளில் மட்டும், பிறகு பாதி நாள், பிறகு தினமும் காலை டீயோடு. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. முகம் கொஞ்சம் உப்பியது. கடை வேலையில் உடம்பு தேறிவிட்டாள் என்றார்கள்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தனார் கொல்லையில் கரும்பு வெட்டு. ஆட்டுக்குத் தோகை அள்ளிவரலாம் என்று போனேன். வெட்டின கரும்பின் அடிக்கட்டை சரிவாக, கூர்மையாக நிற்கும். தோகைக்கு அடியில் மறைந்திருந்த ஒன்று செருப்பைத் துளைத்து வலது உள்ளங்காலில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டேன். ரத்தம் கொஞ்சம்தான் வந்தது. மறுநாள் கடையில் டிடி ஊசியை நானே போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை கால் சிவந்து வீங்கியது. தொட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பாத்திரம் மாதிரி சூடு. தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொண்டது. சாயங்காலம் பல் கிட்டுகிற குளிர், மேலே ரெண்டு போர்வை, உள்ளே கொதிக்கிற காய்ச்சல். சேவியர் அரசு சுகாதார நிலையமான பி.எச்.சி.க்குப் போகலாம் என்று வேன் சாவியை எடுத்தார். நான் தடுத்தேன். "எனக்குத் தெரியாததா?" என்றேன். அந்தத் திமிர்ப் பேச்சை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் எனக்கு நானே செட்டு போட்டுக்கொண்டேன். ஏற்கெனவே போடுகிற குட்டி வெள்ளையை மூன்றாக்கினேன். ஆன்டிபயாடிக் ரெண்டு நாளைக்குப் போதும் என்று நிறுத்திவிட்டேன். கடையில் எல்லாருக்கும் ரெண்டு நாளைக்குத்தானே கொடுப்பது? அன்று சாயங்காலத்துக்குள் காய்ச்சல் காணாமல் போயிற்று. வீக்கம் வடிந்தது. நெறிகூட அமுங்கியது. ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ஞாயிறு போக அடுத்த ஐந்து நாளும் மொபெட்டில் கடைக்குப் போய் வந்தேன். காலில் மட்டும் ஒரு மரமரப்பு. வலியே இல்லையே, ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை காலையில் ஒருத்தருக்குச் சில்லறை கொடுக்கக் கையை நீட்டியபோது கண் இருண்டது. கீழே விழுந்தேன். கூட வேலை பார்க்கும் பெண், காயத்தை மூட நான் போட்டிருந்த சாக்ஸைக் கழற்றிவிட்டுக் கத்தினாளாம். பாதத்தின் மேல் பக்கம் கறுத்து, தண்ணீர் கோத்த கொப்புளங்கள். பி.எச்.சி.யில் நர்ஸ் ஒரு பார்வைதான் பார்த்தார். பிரஷர் பார்த்துவிட்டு உடனே 108-க்குப் போன் போட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு வராந்தாவில் கிடந்தேன். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கூட்டம். என் காலைப் பார்த்தவர்கள் துணியால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நாற்றம் என்னுடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டெண்டர் வழியை மறிக்காதே என்று சேவியரை விரட்டிக்கொண்டே இருந்தார். சேவியர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, என் செருப்பில் நல்லதாக இருந்த ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை எதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியாது.

பார்த்த டாக்டரம்மா சின்ன வயது. காலை அமுக்கினார், தட்டினார், ஊசியால் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரைக்கும் ஏறியிருக்கிறதோ அந்த எல்லையில் என் கணுக்காலைச் சுற்றிக் கோடு போட்டார். பக்கத்தில் மணியையும் எழுதினார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். தாண்டினால் உள்ளே சதை அழுகிக்கொண்டு மேலே போகிறது என்று அர்த்தம். அதைக் கத்தியால் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் என் பிரஷர் கீழே கிடந்தது. பிரஷர் ஏறாமல் மயக்க மருந்து கொடுத்தால் மேஜையிலேயே போய்விடலாம் என்றார்.

அப்புறம் கேட்டார், இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று.

"பாராசிட்டமால்தான் டாக்டர். வேற ஒண்ணுமில்ல."

யோசிக்கக்கூட இல்லை. பதினோரு வருஷம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், என் முறை வந்ததும் தானாக வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் முதலாளி வந்தார். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பிஸ்கட், ஆரஞ்சு எல்லாம் கொண்டுவந்தார். சேவியரை டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டுக் குனிந்தார். நான் ஏதோ உடம்பைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "செட்டு பத்தி வாயத் தொறந்துடாத ஜெயா. கடைய நம்பி ஆறு குடும்பம் இருக்குது" என்றார். என் காலை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடை சாத்தினால் எங்கே போவது என்று நானும் யோசித்தேன். சரிண்ணா என்றேன். நாளை எனக்குக் கால் இருக்குமா என்பதைவிட அவர் லைசென்ஸ் எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. இந்த அடிமைப் புத்தியை என்னவென்று சொல்ல?

வியாழக்கிழமை விடிந்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா ஒரு சாண் மேலே ரெண்டாவது கோடு போட்டார். இரண்டு கையிலும் ஊசி ஏறி பாட்டில் பாட்டிலாக இறங்கியும் பிரஷர் ஏறவே இல்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு அவரும் பெரிய டாக்டரும் என் கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்று பேசினார்கள். வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருக்கிறது, சீழ் பிடித்த கால் இருக்கிறது, காய்ச்சல் மட்டும் ஏன் இல்லை? சர்க்கரை வியாதி இல்லாதவளுக்குச் சர்க்கரை ஏன் இவ்வளவு? பிரஷர் ஏன் மருந்துக்குப் பிடிகொடுக்கவில்லை? அந்த மூன்று கேள்விக்கும் ஒரே பதில் என் வாய்க்குள் இருந்தது. டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். நாட்டு மருந்து ஏதாவது? இடுப்பு வலிக்கு ஏதாவது? நான் தலையை ஆட்டினேன்.

மத்தியானம் ரெண்டாவது கோட்டையும் தொட்டுவிட்டது. இனிக் காத்திருக்க முடியாது என்றார்கள். இப்போதைய பிரஷரில் நிதானமாகச் சுத்தம் செய்ய நேரம் கிடைக்காது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிராவது நிற்கும். அதற்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும். சேவியரிடம் ஃபாரத்தை நீட்டினார்கள். அவர் அதை மேலிருந்து கீழே படித்தார், மறுபடி மேலிருந்து படித்தார். அப்புறம் அதை என்னிடம் கொண்டுவந்து பிடித்தார்.

"எனக்கு இன்னா தெரியும் ஜெயா? மருந்து படிச்சவ நீதான. நீயே சொல்லு, போடட்டா?"

மனுஷன் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னை அப்படி நம்பினார். தெருவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் எங்க வூட்ல கேட்டுச் சொல்றேன் என்பவர். கண்ணில் தண்ணீரோடு பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் சொல்கிற வார்த்தைக்காக நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"குட்டி வெள்ளை சாப்பிட்டேன் டாக்டர். ஸ்டீராய்டு. நான் மெடிக்கல்ல வேலை செய்யறவ."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. இந்த வாரம் மூணு மூணா."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு விருட்டென்று எழுந்து நர்ஸிடம் ஒரு ஊசியின் பேரைச் சொல்லி உடனே போடச் சொன்னார். அதுவும் ஸ்டீராய்டுதான். கேட்டதும் பயந்துவிட்டேன். அவர் ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனது பிறகுதான் முழுசாகப் புரிந்தது.

ரெண்டு சிறுநீரகத்தின் தலைமேலும் ஒவ்வொன்றாக ரெண்டு குட்டிச் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. உடம்புக்கு ஆபத்து வந்தால், இதே ஸ்டீராய்டு மாதிரி ஒன்றை அவையே சுரந்து பிரஷர் விழாமல் தாங்கிப்பிடிக்கும். வெளியிலிருந்து தினமும் மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால், நமக்கு வேலை இல்லை என்று அவை சும்மா கிடந்து சுருங்கிப்போகும். அப்புறம் அவசரத்துக்குச் சுரக்கத் தெம்பிருக்காது. புதன்கிழமை விழுந்ததிலிருந்து என் மாத்திரையும் நின்றுவிட்டது, சுரப்பியும் எழவில்லை. அதனால்தான் பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் பிரஷர் கீழேயே கிடந்தது. நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் முதல் நாளே அந்த ஊசியைப் போட்டிருப்பார்கள்.

மூன்று மணி நேரத்தில் பிரஷர் ஏறியது. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அழுகின சதையைச் சுரண்டி எடுத்தார்கள். கால் தப்பியது. கடைசி ரெண்டு விரல்கள் தப்பவில்லை. ஒருநாள் முன்னால் திறந்திருந்தால் விரலும் இருந்திருக்கலாமா என்று பிற்பாடு கேட்டேன். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. இருந்திருக்கலாம் என்றார்.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று நாட்கள் அங்கேயே. தினமும் டிரஸ்ஸிங். கட்டைப் பிரித்ததும் காற்று பட்டாலே உயிர் போகும். வலி வந்ததே நல்ல சேதி என்றார் நர்ஸ். அந்தம்மாவைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. சேவியர் காலையில் வேன் ஓட்டிவிட்டு வந்து என் துணியைத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போடுவார். ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தலை வாரிவிடுவாள். சிக்கெடுக்கும்போது மட்டும் ஒருநாள் கேட்டாள், "ஏம்மா எங்ககிட்டகூட சொல்லல?"

டிரஸ்ஸிங் செய்துகொண்டே டாக்டரம்மா எனக்குப் பாடம் நடத்தினார். மருந்து விற்றவளுக்கு உடம்பு தெரிய வேண்டாமா என்று அவருக்கும் கோபம். எனக்கும் அது வேண்டியிருந்தது. நான் புரிந்துகொண்டதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

தோல் முதல் வேலி. கரும்புக்கட்டை அதைக் கிழித்துக்கொண்டு மண்ணில் இருந்த கிருமிகளையும் உள்ளே கொண்டுபோயிற்று. தோலுக்கு அடியில் எப்போதும் காவலிருக்கும் அணுக்கள் உடனே சத்தம் கொடுக்கின்றன. அந்தச் சத்தத்துக்கு அங்கே இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிந்து, சுவரில் இடுக்கு விடுகின்றன. ரத்தம் கூடுவதால் சிவப்பு, சூடு. தண்ணீர் கசிவதால் வீக்கம். அந்த இடுக்கு வழியாகத்தான் வெள்ளை அணுக்கள் நுழைந்து வெளியே வருகின்றன. கிருமியை விழுங்கிவிட்டு அங்கேயே சாகின்றன. நாம் முகம் சுளித்துத் துடைத்துப்போடுகிற சீழ் பாதிக்குமேல் அவற்றின் பிணம்தான். எனக்காகச் செத்ததை நான் அசிங்கம் என்று பஞ்சால் ஒற்றி எடுத்திருக்கிறேன்.

தொடை இடுக்கில் நெறி கட்டியதே, அது சோதனைச் சாவடி. காலிலிருந்து வடிகிற நீரெல்லாம் அங்கே வந்து சலித்துத்தான் மேலே போகும். எந்தக் கிருமி வந்திருக்கிறது என்று அங்கே அடையாளம் பார்த்து, அதற்கென்றே பொருந்துகிற ஆட்களைப் பெருக்குகிறார்கள். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரைக்கும் முதலில் வந்தவை தாக்குப்பிடிக்க வேண்டும். காய்ச்சலும் வியாதி இல்லையாம். மூளையே முடிவெடுத்துச் சூட்டை ஏற்றுகிறது. அந்தச் சூட்டில் பல கிருமிகளுக்குப் பெருக முடியாது, நம் அணுக்களுக்குச் சுறுசுறுப்பு. சூட்டை ஏற்றத்தான் குளிர் நடுக்கம். காய்ச்சல் ரொம்ப ஏறினால் இறக்க வேண்டியதுதான், ஆனால் ஏன் வந்தது என்று பார்க்காமல் இறக்குவது வேறு விஷயம் என்றார்.

செவ்வாய்க்கிழமை என் உடம்பு இத்தனையையும் செய்தது. எந்தப் பவுடரும் குடிக்காமல், எந்தக் கஷாயமும் இல்லாமல், அடித்துப்பிடித்துக்கொண்டு செய்தது. புதன்கிழமை நான் குட்டி வெள்ளையைப் போட்டு எல்லாரையும் வாயை மூடச் சொன்னேன். குழாயின் இடுக்கு மூடிக்கொண்டது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம் என்று டாக்டர்கள் குழம்பினார்களே, அதற்கும் இதுதான் காரணம். குழாய்ச் சுவரில் ஒட்டி இறங்க வேண்டியவை இறங்க முடியாமல், பஸ் நிற்காத ஸ்டாப்பைத் தாண்டிப் போகிற மாதிரி, என் காலைத் தாண்டித் தாண்டிச் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே கிருமி கேட்பாரில்லாமல் தின்றது. நானோ ரெண்டு தட்டு சோறு தின்றேன், உடம்பு தேறிவிட்டது என்று.

அந்த மாத்திரை விஷம் இல்லை. என் உயிரைக் காப்பாற்றிய ஊசியும் அதே ஜாதிதான். தெரிந்தவர்கள் அளந்து கொடுக்க வேண்டியதை நான் கவரில் போட்டு, காலை, ராத்திரி என்று எழுதிக் கொடுத்தேன். பதினோரு வருஷத்தில் எத்தனை கவர் என்று டிரஸ்ஸிங் முடிந்த பிறகு படுத்துக்கொண்டு நினைத்துப் பார்ப்பேன். முகம் முகமாக வரும்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் தனபாக்கியம் அக்கா என்னைப் பார்க்க வந்தாள். எங்கள் தெருதான். நடவு, களை என்று போகிறவள், முட்டி வலிக்காரி. அவளுக்கு ரெண்டு வருஷமாக செட்டு கொடுத்தது நான். மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் வட்டமாக உப்பியிருந்தது. கையில் அங்கங்கே கன்றிப்போன தடம். முன்பெல்லாம் நானே சொல்லியிருக்கிறேன், தெம்பாக இருக்கிறாய் அக்கா என்று. அன்றைக்குத்தான் அந்த முகத்தை அடையாளம் தெரிந்து பார்த்தேன்.

கடைக்கு எப்போது வருவாய் என்று கேட்டாள். புதுசாக நிற்கும் பெண் கொடுப்பது பிடிக்கவில்லையாம். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காலியான கவர் ஒன்றை எடுத்தாள். என் கையெழுத்து. அதில் இருப்பதையே ஒரு சீட்டில் எழுதிக் கொடு, அந்தப் பெண்ணிடம் காட்டிக்கொள்கிறேன் என்றாள். நான் கட்டைப் பிரித்துக் காலைக் காட்டினேன். இந்தக் கவர்தான் விரலைத் தின்றது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கவரைக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

"அப்ப இன்னியோட நிறுத்திடறேன்."

"நிறுத்தாதக்கா. திடீர்னு நிறுத்தினா என்னப் போல வுழுந்துடுவ. டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்றால் என்னதான் செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"நீதானடி குடுத்த?"

"ஆமாக்கா. நாந்தான் குடுத்தேன்."

ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, எப்போது போகலாம் என்றாள். சேவியர் இருவரையும் வேனில் பி.எச்.சி.யில் இறக்கிவிட்டார். நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, அவள் கோலை ஊன்றிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தோம். அங்கே காத்திருந்தவர்களில் மூன்று பேர் என் வாடிக்கை. ஒருத்தி எழுந்து வந்து, உன் கைராசிக்கு ஆண்டவன் உன்னைக் கைவிடமாட்டான் என்றாள். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எங்கள் முறை வந்தது. டாக்டர் அக்காவின் பிரஷர் பார்த்தார். கையிலிருந்த கன்றல்களை விரலால் தடவிப் பார்த்தார். "வேற மாத்திரை எதனா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று தெரிந்தது.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை, அதே வேகத்தில். அன்று அவள் விட்டுப்போன கவரை நான் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"சாப்பிடறாங்க டாக்டர். ஸ்டீராய்டு, ரெண்டு வருஷமா, தினமும் ரெண்டு வேளை. யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லச் சொன்னது நான். குடுத்ததும் நான். வெளியில உக்காந்திருக்கறவங்கள்லயே இன்னும் மூணு பேர் இருக்காங்க."

டாக்டர் கவரைத் திருப்பி என் கையெழுத்தைப் படித்தார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். பேர் என்ன என்றார். தனபாக்கியம் என்று அக்கா சொல்ல ஆரம்பித்தாள்.

"உங்க பேர் ஓ.பி. சீட்டுல இருக்கு" என்றவர், என் பக்கம் திரும்பினார். "உங்க பேரத்தான் கேட்டேன். கடை பேரும் சொல்லுங்க."

நான் ரெண்டையும் சொன்னேன்.